மீண்டு வரும் பிணியும் மீளாத் துணையும்

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்பதும், அப்பிறவிக்கு நிலைக்களமாகிய உடம்பு சிவபெருமானை வழிபட்டு உய்தற்பொருட்டு உயிர்க்கு அளிக்கப்பட்ட கருவி என்பதும் சைவ நூல்கள் ஒருமுகமாக எடுத்தோதும் உண்மைகளாம். கருவி பழுதுபடுமாயின் அதனைச் செப்பஞ் செய்துகொள்ளுதல் கருவியுடையான் கடமை. செப்பஞ் செய்த பின்னரும் அப்பழுது மீளத் தோன்றுமாயின் அவன் என் செய்வான்? பிணிகளுள் இவ்வினாவை மிகக் கொடிதாக எழுப்புவது புற்றுநோய். முதன்முறை கேட்டபோது அஞ்சி, நீங்கிற்று என்று கேட்டபோது மகிழ்ந்த ஒருவன், மீண்டும் வந்தது என்று கேட்குங்கால் அடையும் துயரம் முன்னையதினும் பெரிது. முன்னர் அவன்பால் அச்சம் ஒன்றே இருந்தது. இப்பொழுது அதனோடு ஏமாற்றமும் ஐயமும் சேர்ந்துகொள்கின்றன. மருந்தை ஐயுறுகின்றான், மருத்துவரை ஐயுறுகின்றான், ஈற்றில், நாள்தோறும் தான் தொழுத இறைவன் திருவருளையே ஐயுறத் தலைப்படுகின்றான். இவ்வையமே ஈண்டு ஆராயத்தக்கது.

தொண்டை நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விரிந்துள்ள நிலப்பகுதி பண்டு ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்தது. இராமாநுசர் தோன்றிய பதியும், அருணகிரிநாதரால் பாடப்பெற்ற வல்லக்கோட்டை முருகன் திருக்கோயிலும் இதன்கண் உள்ளன. கிழக்கே சிறிது தொலைவில் சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர். மேற்கே கச்சித் திருவேகம்பம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. அவற்றைச் சூழ உதிரிபாகங்கள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களினின்றும், வட மாநிலங்களினின்றும் பிழைப்பு நாடி வந்தோர் வாடகை அறைகளில் மூவர் நால்வராய்த் தங்கி, பகலும் இரவுமாக ஷிப்டு முறையில் வேலை செய்கின்றனர்.

அத்தகைய அறையொன்றில் வாழும் சைவ அன்பன் ஒருவனைக் கருத்திற் கொள்க. அவன் கன்னத்தினுள்ளே ஆறாத புண் ஒன்று தோன்றிற்று. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றான், நலமடைந்தான், வல்லக்கோட்டைக்குச் சென்று முடியிறக்கி நன்றி செலுத்தினான், மீண்டும் ஆலைக்குச் சென்றான். ஈராண்டு கழிந்தபின் கழுத்தருகே ஒரு கட்டி தென்படுகின்றது. பெற்றோர் தொலைவிலுள்ள ஊரில் இருக்கின்றனர். அவர்கட்கு எழுதவும் மனம் வரவில்லை. இரவு ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து, திருநீற்றுப் பையைக் கையில் எடுத்தவன் அதனைத் திறவாமலே வைத்துவிடுகின்றான். முடியிறக்கி நன்றி கூறியது பொய்யாயிற்றோ, இறைவன் கொடுத்ததை மீளப் பறித்துக்கொண்டானோ என்பதே அவன் நெஞ்சிலுள்ள கேள்வி. இக்கேள்வியைக் குற்றமென்று ஒதுக்குதல் எளிது. ஒதுக்குதலால் அவன் கை அப்பையைத் திறவாது.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். உடம்பு எண்ணிறந்த நுண்ணிய உயிரணுக்களால் ஆயது. அவை வேண்டுமளவு பெருகி, காலம் வந்துழி அழிவது இயற்கை. யாதேனும் ஒரு காரணத்தால் அவ்வொழுங்கு கெட்டுச் சில அணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதே புற்றுநோய். மருத்துவன் கத்தி கண்ணுக்குப் புலனாகும் கட்டியை அகற்றும். புலனாகாத சில அணுக்கள் அருகிலோ தொலைவிலோ தங்கிவிடுதல் உண்டு. கதிரும் மருந்தும் அவற்றைத் தேடி அழிக்கும் முயற்சியே. அவற்றிற்கும் தப்பியவை திங்கள் பலவோ ஆண்டு பலவோ அடங்கிக் கிடந்து, பின்னர்ப் பெருகும். ஆகவே மீண்டு வந்ததாகத் தோன்றுவது பெரும்பாலும் முற்றும் போகாத பழைய நோயேயாம். நோயாளியின் ஒழுக்கக் குறையாலோ, வழிபாட்டில் நேர்ந்த தவற்றாலோ அது வந்ததென்று கூறுவார் நோயின் இயல்பை அறியாதவரேயாவர்.

இனி, அருளைப்பற்றிய ஐயத்திற்கு விடை காண்போர் குன்றத்தூர்ப் பெருமான் அருளிய பெரிய புராணத்தை நோக்குதல் தகும். திருநாவுக்கரசர் சூலை நோயுற்றதும் திருவதிகையில் அது தீர்ந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. ஆயின் நோய் மீண்டு வந்தவனுக்கு அவ்வரலாறு சில போது ஆறுதல் தாராது. ஒரே இரவில் முற்றுந் தீர்ந்தது அவர் பிணி. தன் பிணி அவ்வாறு தீரவில்லையே என்று அவன் மேலும் வருந்துவான். அத்தகையோன் சுந்தரமூர்த்தி சுவாமிகளை நோக்குக. திருவொற்றியூரில் இரு கண்ணும் இழந்த அப்பெருமான், இறைவனுக்குத் தோழர் எனப் பெயர் பெற்றவர். தோழர் வேண்டியும் பார்வை ஒருங்கே மீளவில்லை. திருவெண்பாக்கத்தில் கண் வேண்டிய அவர்க்குக் கிடைத்தது ஊன்றுகோல் ஒன்றே. கச்சியேகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிற்று. திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் கிடைத்தது. ஒரு நொடியில் யாவும் தரவல்ல இறைவன் ஊர் ஊராக நடக்கவிட்டுப் படிப்படியாகத் தந்தான். பாதி தீர்ந்து பாதி தீராத நிலையில், ஒற்றைக் கண்ணோடு, அவர் காஞ்சியினின்றும் ஆரூர் நோக்கி நடந்தார். அந்நெடுவழியில் திருவருள் அவரை விட்டு நீங்கியிருந்தது என்று சைவர் எவரும் கூறார்.

திருவெண்பாக்கத்துக் கோயில் நின்ற இடம் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் அமைந்தபோது நீருள் மூழ்கிற்று. ஊன்றுகோல் ஈந்த பெருமானுக்கு இப்பொழுது வேறிடத்தில் கோயில் உளது. கண் கேட்டார்க்குக் கோல் கொடுத்தல் ஏளனம் போலத் தோன்றலாம். நடந்து பார்த்தவர்க்கே அதன் பயன் விளங்கும். கண் வருங்காறும் விழாமற் காப்பது கோல். நோயுற்றார்க்கு நண்பர் அத்தகையர். அவர் நோயைத் தீர்க்கவல்லரல்லர். தீருங்காறும், தீராதாயின் இறுதிகாறும், விழாமல் தாங்கவல்லர்.

பெரிய புராணத்தை இளமையில் மதுரையில் இருந்தபோது படித்து உள்ளம் உருகியவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷிகள். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்து, 1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையை அடைந்த அவர், பின்னர் அத்தலத்தை விட்டு நீங்கினாரல்லர். அவர் கொள்கையை அத்துவிதம் என்பர். சித்தாந்த சைவர் அதனோடு மாறுபடும் இடங்கள் உள. அம்மாறுபாடு ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. மீண்டும் மீண்டும் வந்த புற்றுநோயை அவர் எதிர்கொண்ட முறையே ஈண்டு வேண்டப்படுவது.

1948-ன் இறுதியில் அவருடைய இடக்கையில் முழங்கையருகே சிறு கட்டி ஒன்று தோன்றிற்று. 1949 பிப்ரவரி 9-ஆம் நாள் மருத்துவர் அதனை அறுத்து நீக்கினர். சில வாரங்களுள் அது முன்னையினும் பெரிதாய் எழுந்தது. மார்ச் 27-ஆம் நாள் இரண்டாம் அறுவை நிகழ்ந்தது. தசையையும் அதனைச் சார்ந்த இழைகளையும் பற்றும் ‘சார்கோமா’ என்னும் கொடிய வகைப் புற்று அஃதெனத் தெளியப்பட்டது. ரேடியக் கதிர்ச் சிகிச்சை செய்தனர். பயன் நில்லாமையின் ஆகஸ்டு 7-ஆம் நாள் மூன்றாம் அறுவையும், டிசம்பர் 19-ஆம் நாள் நான்காம் அறுவையும் நிகழ்ந்தன. அதன்பின்னும் நோய் எழுந்தது. நாட்டு மருத்துவர், ஓமியோபதி மருத்துவர் முதலியோரும் தத்தம் முறைகளைச் செய்து பார்த்தனர். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு, அன்பர்கள் வெளியே அருணாசலத் துதி பாடிக்கொண்டிருக்க, அவர் உடம்பு நீங்கிற்று. முதல் அறுவைக்கும் இறுதிக்கும் இடையே பதினான்கு திங்கள். அதற்குள் நோய் நான்கு முறை மீண்டது.

இக்காலமெல்லாம் அவர் நடந்துகொண்ட முறை நினைவிலிருத்தத் தக்கது. தமக்கு இன்ன மருந்து வேண்டுமென்று அவர் கேட்டதில்லை. அன்பர் கொணர்ந்த மருந்தை மறுத்ததும் அரிது. தம்பொருட்டு அவர் வேண்டாதவற்றை, அருகிருந்து வருந்துவோர் உள்ளம் ஆறுதற்பொருட்டு ஏற்றார். தரிசனத்திற்கு வருவோரைத் தடுக்க மருத்துவர் கூறியும் உடன்படவில்லை. இறுதி நாள்வரை மக்கள் சிற்றறையின் வாயில் வழியே வரிசையாகச் சென்று அவரைக் கண்டனர். தாம் போய்விடப் போவதாக அன்பர் அழுவதைக் கேட்டு, எங்கே போவது, இங்கேதானே இருக்கின்றேன் என்னும் பொருள்படக் கூறினார். இறுதி நாளில் தமக்குப் பணிவிடை செய்த தொண்டரை நோக்கி ‘தாங்க்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கூறினார். அத்தொண்டர் அச்சொல்லறியாது விழிக்க, அதற்கு நாம் சந்தோஷம் என்போம் என்று விளக்கினார் எனவும் வரலாறு கூறும். எண்ணற்றோர் வந்து வணங்கிய ஒருவர் தம் இறுதிநாட் சொற்களுள் ஒன்றைக் கை கால் தாங்கிய ஒரு தொண்டர்க்கு அளித்தார் என்பதை அறிஞர் கருதுக.

இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்கதும் தகாததும் பிரித்தறியப்பட வேண்டும். மருத்துவர் கையையே அகற்றிவிடலாம் என்றபோது மகரிஷிகள் உடன்படவில்லை. அஃது எழுபதாண்டை அணுகிய, உடற்பற்று ஒழிந்த ஞானியொருவர் நிலை. மனைவி மக்களைத் தாங்கும் இல்லறத்தான் அதனைச் சான்றாகக் காட்டிச் சிகிச்சையை மறுத்தல் பக்தியாகாது. இக்காலத்துச் சிகிச்சை 1949-ல் இருந்ததினும் மிக வளர்ந்துளது. மீண்ட புற்றுநோய் முற்றுந் தீர்தலும், தீராதவிடத்து ஆண்டு பல அடக்கி வைக்கப்படுதலும் உண்டு. ஆதலின் மருத்துவர் இன்னும் ஒரு முறை வருக என்றால் செல்லுதலே கடன். அவர்பாற் கொள்ளத்தக்கவை வேறு. நோய் மீண்ட ஒவ்வொரு முறையும் அதனைத் தண்டனையென்றோ கைவிடப்பட்டமையென்றோ அவர் கொள்ளவில்லை. நோயால் பிறர்பால் அன்பு குறையவில்லை. பிறர் செய்யும் உதவியை ஏற்க நாணவில்லை. இம்மூன்றும் ஞானியர்க்கே அன்றி ஏனையோர்க்கும் இயல்வன.

வினையைப்பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். நோயுற்றான் ஒருவனைக் காணச் செல்வோர் சிலர், எல்லாம் வினைப்பயன் என்று கூறித் திரும்புகின்றனர். பிராரத்த வினை உடம்பின்கண் நுகரப்படும் என்பது சித்தாந்தமே. ஆயின் இன்ன நோய்க்கு இன்ன வினை காரணம் என்று பிறரைச் சுட்டிக் கூறும் அறிவு எவர்க்கு உளது? வினை சடம், தானே சென்று பொருந்தாது, அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அவன் எக்கருத்தால் கூட்டுவிக்கின்றான் என்பதற்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மருத்துவனையே உவமை காட்டினார். மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்ப்பான். சிலவற்றை இனிய பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்ப்பான். இரண்டும் அவன் அன்பின் செயலே. இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கின்றான் என்பது அவர் கருத்து. அவ்வுவமையில் நோயாளியை இகழும் மருத்துவன் இல்லை. வினை என்னும் சொல்லை நோயாளியின் தலைமேற் கல்லாக எறிவோர் அச்சாத்திரத்தின் ஓசையை அறிந்தனரேயன்றி உள்ளத்தை அறிந்தாரல்லர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கு உறுப்பினையுடையது என்று வரையறுத்தார். நான்காம் உறுப்பின்றி ஏனை மூன்றும் நிறைவுறா. அவ்வுதவுவோனுக்கு வேண்டும் இயல்புகளைப் பரிமேலழகர் நான்காக வகுத்தார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு என்பன அவை. ஒரகடத்து வாடகை அறையில் தாயும் தமையனும் அருகில்லாத ஒருவனுக்கு இந்நான்காம் உறுப்பாகுவோர் உடனுறையும் தோழரும் உடன் வேலை செய்வோருமேயாவர்.

அவர் செய்யக்கூடுவன சிறியனபோலத் தோன்றும். சிகிச்சை நாளில் தம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பேருந்தில் உடன் சென்று, வரிசையில் தாம் நின்று அவனை இருக்கையில் அமர்த்துதல் அன்பு. நோயைக் கண்டு அருவருக்காமை, ஆலை முழுதும் அவன் நோயைப் பேசித் திரியாமை ஆகியன தூய்மை. மருத்துவர் கூறிய மருந்தை அந்தந்த வேளையில் கொடுத்தல், புண்பட்ட வாய்க்கு ஏற்பக் குழையக் காய்ச்சிய கஞ்சியைக் காரமின்றிக் கொடுத்தல் சொல்லியவாறு செய்தல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இ.எஸ்.ஐ. ஆகியவற்றுள் எது அவனுக்குரியதெனக் கேட்டறிந்து தாள்களைத் திரட்டித் தருதலும், எல்லா நோயையும் ஒரே பொடியால் தீர்ப்பதாகக் கூறுவோரிடமிருந்து அவனைக் காத்தலும் அறிவு. நோயாளிக்கும் பரிமேலழகர் நான்கு கூறினார். அவற்றுள் ஒன்று தன் நிலையை உள்ளவாறு உணர்த்துதல். வலியை மறைத்துச் சிரிப்பது வீரமன்று. வலிக்கின்றது என்று தோழனிடம் சொல்லுதலும், அஞ்சுகின்றேன் என்று ஊரிலுள்ள தாய்க்குத் தெரிவித்தலும் மருத்துவத்தின் கூறுகளே.

துயரம் பிறர்க்குத் துணையாக மாறுதலும் இந்நாடு கண்டதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். அத்துயரை அவர் மறக்கவில்லை. அம்முயற்சியின் பயனாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா 1968-ல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு தாயகம் மீண்டும், நோய் திரும்ப எழுந்தமையால் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரால் அவ்வூரின் அருகே விளங்கும் மருத்துவமனை எளியோர் பலர்க்கு இன்று புகலிடமாகின்றது. ஒருவர் உயிரைக் காக்க இயலாத அன்பு பலர் உயிரைக் காக்கும் நிலையமாயிற்று.

இனி அவ்வன்பன் கேள்விக்கு விடை கூறலாம். நோய் நீங்கிய நாளில் அருள் வந்தது, மீண்ட நாளில் அது போயிற்று என்று கொள்வானாயின், அருளை உடம்பின் கணக்கில் வைத்தவனாகின்றான். உடம்பு உள்ள எவர்க்கும் ஒரு நாள் இறுதி நோய் உண்டு. அக்கணக்கின்படி பார்த்தால் எவருக்கும் ஈற்றில் அருள் இல்லை என்றாகும். அது பொருந்தாது. அவன் வல்லக்கோட்டையில் செலுத்திய நன்றி பொய்யன்று. அவ்விரண்டாண்டும் மெய்யாகவே அவனுக்குக் கிடைத்தன. அவற்றை எவரும் மீளப் பறித்துக்கொள்ளவில்லை. இப்பொழுது வேண்டுவதையும் அவன் கூசாது வேண்டலாம். கண்ணைக் கேட்டுக் கோலைப் பெற்ற தோழரும் மறுபடி வேண்டிக்கொண்டேதான் நடந்தார். வேண்டுதலும், வழக்காடுதலும், அழுதலும் அடியார் நெறிக்குப் புறம்பானவையல்ல. திருநீற்றுப் பையைத் திறக்க மனம் எழாத இரவில், அறைத் தோழன் ஒருவன் அதனைத் திறந்து அவன் நெற்றியில் இடுவானாயின், அதுவும் வழிபாடேயாம். திருவதிகையிலும் தம்பிக்கு நீறளித்தவர் தமக்கையார் திலகவதியாரன்றோ?

ஆதலின், இத்தொழிற்பகுதியில் உள்ள சைவ மன்றங்களும் திருமுறைக் கழகங்களும் விழாவும் சொற்பொழிவும் நடத்துதலோடு, நோயுற்றார் பக்கத்தில் அமரும் தொண்டினையும் முறைவகுத்து மேற்கொள்ளுதல் நன்று. நோயாளி சைவனா, எம்மொழியன், எந்நாட்டினன் என்று வினவுதல் வேண்டா. ஒடிசாவினின்று வந்தவனுக்கும் அதே வலி. அவன் அறையிலும் தாய் இல்லை. மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்கு உடன் செல்ல நால்வர் முன்வருவராயின், அந்நால்வர் கைகளும் திருவெண்பாக்கத்துக் கோலாகும். நோய் மீளலாம், அக்கைகள் மீளாதிருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.